குடியேறிகளின் வீட்டுக்கு ஓலை கூடாது

லைட்டர்

ஃபரூக் பாய் நான் வேய்ந்த கூரையிலிருந்து ஒரு கீற்றை உருவினார். அதை வெளியே மணலுக்குக் கொண்டுபோய் லைட்டரால் பற்ற வைத்தார். காய்ந்த பேரீச்ச ஓலை சடசடவென்று எரிந்து அவர் விரல் வரைக்கும் வந்தது. கீழே போட்டு பூட்ஸ் காலால் மிதித்தார்.

"யே நஹி சலேகா. மாஃபி. கல்லாஸ்" என்றார். இந்தியிலும் அரபியிலும் ஒரே மூச்சில் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் சேஃப்டி ஆபீஸர். ஷார்ஜா முவைலாவில் அமெரிக்கப் பாடத்திட்டம் நடத்தும் பள்ளி. நான் எக்ஸிபிஷன் வேலை எடுத்துச் செய்யும் ஒர்க்ஷாப்பில் கார்பென்டர். அந்தப் பள்ளிக் கண்காட்சிக்காக ஹாலுக்குள் ஒரு பழங்கால வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அன்று வியாழக்கிழமை மதியம். வெள்ளி, சனி, ஞாயிறு பள்ளி லீவு. திங்கள் காலை பெற்றோர்கள் பார்க்க வருகிறார்கள். ஓலை இருந்தால் ஹாலைத் திறக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு ப்ரொபேஷன் முடிகிற நேரம். வேலை பிடித்தால் கன்ஃபர்ம், இல்லையென்றால் விசா கேன்சல், கையில் டிக்கெட். இந்த வீட்டைப் பார்த்துத்தான் முதலாளி முடிவு செய்வார் என்று சூப்பர்வைசர் முன்பே சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் ஓலை ஸ்டாக் இல்லை என்றபோது, நிஜ ஓலையே வேய்ந்து தருகிறேன் என்று முன்னால் போய் நின்றவனும் நான்தான்.

கால் நிற்காதவன்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் ஃபேக்டரியில் சூளைப் பக்கம் இருந்தேன். அங்கே கை முடியெல்லாம் பொசுங்கியே இருக்கும். ஃபுஜைராவில் எண்ணெய் டேங்குக்குள் இறங்கிச் சேறு வழித்தேன். சோற்றில்கூட அந்த வாடை வரும். இரண்டையும் நானாகத்தான் விட்டேன். ஓரிடத்தில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும்.

இந்த ஒர்க்ஷாப்பை மட்டும் விட மனமில்லை. ஒரு மாதம் பனிமலை கட்டுவோம், அடுத்த மாதம் ரயில் நிலையம். ஊர் சுற்றுகிறவனை உட்கார வைத்து, ஊர்களை அவன் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, அதற்குச் சம்பளமும் கொடுத்தால் வேறென்ன வேண்டும்?

அந்த மாதம் எங்களுக்கு வந்த ஊர் பழைய அமெரிக்கா. பள்ளியின் நஸ்ரின் டீச்சர்தான் அதற்குத் திட்டம் போட்டவர். காயல்பட்டினத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது ஷார்ஜா. எங்கள் டிசைனர் வாசலிலேயே கப்பலை வரைந்திருந்தார். டீச்சர் அதை மாற்றச் சொன்னார். கப்பல் வருவதற்கு முன்பே அந்த மண்ணில் ஆட்கள் இருந்தார்கள், அவர்களுடைய மக்காச்சோளக் காட்டையும் மரப்பட்டை வீட்டையும் பார்த்த பிறகுதான் யாரும் கப்பலைப் பார்க்க வேண்டும் என்றார். அப்படியே செய்தோம். சோளக்காடு, கப்பல், கடலோரக் குடியேற்றத்தின் முதல் வீடு (நான் கூரை வேய்ந்தது), தேயிலைப் பெட்டி கிடக்கும் துறைமுகம், பதின்மூன்று காலனிகளும் கூடித் தனி நாடு என்று கையெழுத்துப் போட்ட மண்டபம். கடைசியில் மேற்கே போகும் கூண்டு வண்டியும், சுவர் முழுக்கப் பெரிதாகிக்கொண்டே போகும் வரைபடமும்.

கப்பலுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. கப்பல் செலவை வேறொருவர் கட்ட, அதற்காகப் பல வருஷம் அவரிடம் உழைத்துக் கழித்தவர்களைப் பற்றியது. டீச்சர் அதைத் தமிழில் சொன்னபோது எங்கள் சூப்பர்வைசர் சிவா அண்ணன், "உது எங்கட விசா மாதிரியெல்லோ கிடக்கு" என்றார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோரும் சிரித்தோம். அடுத்த போர்டு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவந்து விற்கப்பட்டவர்களைப் பற்றியது. அதை மாட்டும்போது சிவா அண்ணன் மட்டத்தை இரண்டு முறை சரிபார்த்தார்.

வாசலில் கேட்டது

அந்த வியாழக்கிழமை ஃபரூக் பாயிடம் சண்டை போடத்தான் அவர் பின்னாலேயே போனேன். கேட் பக்கம் பிடித்து, மூன்றே நாளில் என் பிழைப்பே போகும் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. முன்பு ஒரு தொழிலாளர் கேம்ப்பில் வாட்ச்மேனாக இருந்தாராம். வராந்தாவில் நிழலுக்கு யாரோ ஓலைத் தட்டி கட்டியிருந்தார்கள். அடுப்பிலிருந்து அது பிடித்து ரூம் கதவை மறித்துக்கொண்டது. உள்ளே படுத்திருந்தவர்களை ஜன்னல் கம்பியைப் பெயர்த்து எடுத்தார்களாம். எல்லோரையும் எடுக்க முடிந்ததா என்று நான் கேட்கவில்லை.

எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. திரும்பி வந்து சிவா அண்ணனிடம் நடந்ததைச் சொல்லி, இந்த ஆளிடம் கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது என்றேன். பக்கத்தில் நின்ற நஸ்ரின் டீச்சரும் கேட்டார்.

"அண்ணா, அமெரிக்காவுல குடியேறுனவங்களும் இதே பிரச்சினையிலதான் மாட்டுனாங்க" என்றார். "ஓலைக் கூரை, மரத்துல சிம்னி. ஒரு வீடு பிடிச்சா பக்கத்து வீடும் போகும். கடைசில பாஸ்டன்ல இனிமே யாரும் ஓலை போடக்கூடாதுன்னு ரூலே போட்டுட்டாங்க."

"அப்புறம் எதைப் போட்டாங்க டீச்சர்?"

"பலகை. மரத்தைப் பிளந்து சின்னச் சின்னப் பலகையா."

"பலகையும் எரியும்தானே, மிஸ்" என்றார் சிவா அண்ணன்.

ஒர்க்ஷாப்பில் வேறொரு கண்காட்சி ஸ்டாண்டுக்கு வாங்கி மிஞ்சிய சிமென்ட் போர்டு கிடந்தது. அது எரியாது. அதைப் பலகை அளவுக்கு அறுத்து, மரம் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்றேன். டீச்சர் முகம் மலர்ந்துவிட்டது. சிவா அண்ணன் முகம் அப்படியே இருந்தது.

"பாரத்தை யோசிச்சுப் பாத்தீரோ? உம்மட ஃபிரேம் ஓலைக்குப் போட்டது. கூரை பிள்ளையளின்ட தலையில விழுந்தால் நான் ஜெயில், நீர் ஏர்போர்ட்."

ஆனாலும் பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு அவர்தான் முதலில் நடந்தார்.

பலகை

வெள்ளிக்கிழமை காலையில் ஓலை முழுவதையும் பிரித்தேன். நானே பார்த்துப் பார்த்து வேய்ந்தது. பிரிக்க அரைமணி கூட ஆகவில்லை.

ஃபிரேமுக்கு இரும்பு வேண்டும். ஹாலுக்குள் வெல்டிங் செய்ய பர்மிட் கிடையாது, ஃபரூக் பாயிடம் கேட்கவும் எங்களுக்குத் தைரியமில்லை. அதனால் ஒர்க்ஷாப்பிலேயே பாக்ஸ் பைப்பை அளந்து அறுத்து, ஓட்டை போட்டுக் கொண்டுவந்து, இங்கே போல்ட் மட்டும் முடுக்கினோம். முடித்ததும் சிவா அண்ணன் ஸ்டூலில் ஏறி, நடு உத்தரத்தைப் பிடித்து வௌவால் மாதிரி தொங்கினார். பெரிய வயிறு அவருக்கு. ஃபிரேம் அசையவில்லை.

"இனிப் போடும் உம்மட சிமென்டை" என்றார், தொங்கிக்கொண்டே.

பலகையில் மர ரேகை வரவேண்டும். சுவருக்குப் பூசும் புட்டியில் சாம்பல் பழுப்பு நிறம் கலந்து மெல்லிசாகப் பூசி, காய்வதற்குள் என் தலைசீப்பால் இழுத்தேன். சீப்பில் நாலைந்து பல் உடைந்திருந்தது. அந்த இடங்களில் ரேகை அகன்று, நிஜ மரத்தில் வருவது போலவே வந்தது. புதுச் சீப்பால் இழுத்தபோது கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. ரூமில் இருந்தவர்களின் உடைந்த சீப்பையெல்லாம் சனிக்கிழமை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவசரத்தில் பலகைகளை உச்சியிலிருந்து கீழ்நோக்கி ஸ்க்ரூ போட்டு முடுக்க ஆரம்பித்தேன். பாதியில் சிவா அண்ணன் நிறுத்தினார். மேல் பலகை கீழ்ப் பலகைக்கு அடியில் சொருகியிருந்தது.

"மழை பெய்தால் தண்ணி எங்க போகும்?"

"ஹாலுக்குள்ள ஏதுண்ணே மழை?"

"வீடெண்டு சொல்லித்தானே காட்டப் போறம். வீடெண்டால் மழை பெய்யும். கழட்டும்."

கழற்றினேன். அடியிலிருந்து மேலேறி, ஒன்றின் தலையை இன்னொன்று மூட முடுக்கினேன். முடிந்தபோது ஞாயிறு மதியம். தள்ளி நின்று பார்த்தேன். கடற்காற்றில் அடிபட்டு நரைத்த பலகைக் கூரை மாதிரியே இருந்தது. ஓலை போட்டிருந்தபோது அது ரிசார்ட் குடிசை போலத்தான் இருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ஃபரூக் பாய் லீவு நாளிலும் வந்தார். மிஞ்சிய துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, வெளியே கொண்டுபோய் லைட்டரைப் பிடித்தார். பிடித்துக்கொண்டே இருந்தார். கரி மட்டும் படிந்தது. கட்டை விரலால் துடைத்தார், கீழே ரேகை அப்படியே இருந்தது. விரலால் தட்டிப் பார்த்து, "பத்தர் ஹை" என்றார். கல் என்று. உள்ளே வந்து ஒவ்வொரு போல்ட்டையும் ஆட்டிப் பார்த்தார். பிறகு டீச்சரிடம் பாஸ்டன் ரூலைப் பற்றி விவரமாகக் கேட்டுக்கொண்டார். இத்தனை காலம் முன்பே தன்னைப் போல ஒருவன் இருந்திருக்கிறான் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம்.

திங்கட்கிழமை

டீச்சர் அவரை அந்த வீட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டார். பச்சை ஜாக்கெட், ஹெல்மெட்டோடு நின்றார். கூரை ஏன் பலகை என்று கேட்டு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆங்கிலமும் உருதுவும் கலந்து விளக்கினார். ஒவ்வொரு முறையும் "நோ ஓலை" என்று முடித்தார். அந்தத் தமிழ்ச் சொல்லை என்னிடம்தான் பிடித்திருக்கிறார். கப்பலை விட, கூண்டு வண்டியை விட, அந்த வீட்டின் முன்னால்தான் வரிசை நீண்டது. அவரோடு படம் எடுக்க இன்னொரு வரிசை.

முதலாளி வந்து கூரையைத் தொட்டுப் பார்த்தார். மரத்துக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள் என்று சிவா அண்ணனைக் கடிந்துகொண்டார். சிவா அண்ணன் அவர் கையைப் பிடித்துப் பலகையில் தட்ட வைத்தார். முதலாளி இன்னொரு முறை அவராகவே தட்டினார். அன்று மாலையே என் பெயர் கன்ஃபர்ம் ஆனது.

"தம்பி, அடுத்தது எகிப்து. பிரமிட்டுக்கு ஓலை தேடிப் போயிடாதையும்" என்றார் சிவா அண்ணன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு ஆள் கூடாது என்று சொன்னால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், உடனே தலையாட்டிவிட்டும் வராதீர்கள். அவர் எதைப் பார்த்துப் பயந்தவர் என்று கேளுங்கள். கடல் தாண்டி வந்து ஊர் கட்டிய எல்லோரும் ஏதோ ஒரு தீயைப் பார்த்த பிறகுதான் நல்ல கூரை போட்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் போட்டோம். அது நின்றது.