ஒரு லாரிக்கு இரண்டு நம்பர்

உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட லாரிகள் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பொட்டலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மாமா ஏலத்தில் எடுத்து, ஒரு மாதம் எங்கேயோ வைத்துப் பழுது பார்த்து, காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டெதிரே ஒரு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அது பாஸாகி ரோட்டுக்கு வந்தால்தான் மாமாவுக்குப் பெண் தருவேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தார், ராயபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பெண்ணின் அப்பா. ஆக, ஒரு கல்யாணமே அந்த லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பட்டாள லாரியில் குட்டை சேசி, நீட்டு சேசி என்று இரண்டு ரகம். மூஞ்சி ஒன்றுதான். அடியில் படுத்து, சேசி என்கிற அந்த இரும்புச் சட்டத்தில் அடித்திருக்கும் நம்பரின் முதல் எழுத்தைப் பார்த்தால் ரகம் தெரிந்துவிடும் என்பது மாமாவின் பாடம். எட்டு வயதில் நான் அதில் மேதை.

வண்டியைச் சோதித்துப் பாஸ் போடும் பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிற காலையில் மேதை அடியில் நுழைந்தது. முன்பக்க நம்பர் குட்டை என்றது. பின்பக்கம் இன்னொரு நம்பர், நீட்டு என்றது. தலைகீழாகப் படிக்கிறேனோ என்று புரண்டு படுத்தேன். எண்ணெய்தான் வாயில் விழுந்தது.

மாமாவிடம் ஓடி, ஒரு லாரிக்கு எப்படி இரண்டு நம்பர் என்று கேட்டேன்.

"இன்னாடா பேஜார் பண்ணிகினு கீறே. உனக்கு வூட்ல ஒரு பேரு, இஸ்கூல்ல ஒரு பேரு இல்ல? அத்த மாதிரிதான்."

நியாயமாகத்தான் பட்டது.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். வேடிக்கை பார்க்கப் பெண்ணின் அப்பாவும் வந்திருந்தார். எண்ணெய்ச் சேற்றில் படுக்க மனமில்லாமல் இன்ஸ்பெக்டர் என்னை நம்பர் படிக்கச் சொன்னார். முன்பக்கம் போ என்று மாமா கண்ணைக் காட்டினார். இரண்டாவது நம்பர் வெளியே தெரிந்தால் தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோரையும் ஜெயிலில் போடுவார்கள், அங்கே என் அளவுக்கு உடுப்பு இருக்குமா என்ற கவலையிலேயே வாய் உளறியது.

"வூட்டு நம்பர் சொல்லட்டா, இஸ்கூல் நம்பர் சொல்லட்டா சார்?"

வெள்ளைக் கால்சட்டை சேற்றில் மண்டியிட்டு என் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. சட்டத்தின் நடுவே விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு லாரியை வெட்டி ஒண்ணாக்கியிருக்கீங்க. ஆனா ஒட்டுப்போட்ட இடமே தெரியலையே. யார் கைவேலைய்யா இது?"

மாமா வானத்தைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், டோல்கேட் வரை தானே ஓட்டிப் பார்த்தார். கடைசியில், பாதி பாரம்தான் ஏற்ற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எனக்கு அன்று புரியாதது ஒன்றுதான். லாரி மாமாவுடையது, உளறியவன் நான். லாரி பாஸாகாவிட்டால் பெண் இல்லை என்ற அந்த மனிதர், நெருப்புப் பொறி சுட்ட தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அவ்வளவு நேரமும் என்னைவிட அதிகமாக ஏன் வேர்த்து நின்றார்?