ஆனி முடிவதற்குள் ஒரு வீடு

நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் கட்டுவதற்கான பிளானை வரைந்தவன் நான்தான்.

ராஜபாளையத்தில் ஒரே வரிசையில் ஐந்து ஓட்டு வீடுகள். கடைசி வீட்டில் நானும் அம்மாவும். சிவில் டிப்ளமோ முடித்த சூட்டில் வீட்டுக்கார அண்ணாச்சியிடம் போய் நின்றேன். ஐந்து குடும்பம் இருக்கிற இடத்தில் நாலு மாடி தூக்கினால் பதினாறு குடும்பம் இருக்கலாம், ஊரில் வீடு பெருகினால் வாடகை தானாக இறங்கும் என்று மூச்சுவிடாமல் பேசினேன். நம்பித்தான் பேசினேன். கட்டி முடிகிற வரைக்கும் அந்த ஐந்து குடும்பமும் எங்கே படுக்கும் என்பதற்கு என் பிளானில் ஒரு கோடுகூட இல்லை.

அண்ணாச்சி ஆனி பிறந்ததும் கூப்பிட்டனுப்பினார். “ஆவணியில அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுறோம் தம்பி. ஆடியில யாரும் குடி மாற மாட்டீக. அதனால ஆனிக்குள்ள காலி பண்ணிருங்க.”

“கட்டி முடிச்ச பொறவு எங்களுக்கு ஒரு வீடு தருவீகளா?”

“தாரேன். வாடகை மட்டும் அப்ப உள்ளதுதான். லிப்ட் வச்சு வரைஞ்சது நீதானப்பா.”

ராஜபாளையத்தில் எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடு ஒன்றுகூட இல்லை. மம்சாபுரத்தில் ஒன்று கிடைத்தது. அம்மாவுக்கு மில்லில் ஷிப்ட் முடியும்போது அந்த ஊருக்குக் கடைசி பஸ் போயிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலைச் சுற்றி அலைந்தேன். கோபுரம் மறையும்படி மாடி எடுக்க மாட்டோம் என்றார்கள் அங்குள்ளவர்கள். இருக்கிற வீடு இருக்கிறவர்களுக்கே போதவில்லை.

ஆனி கடைசி வெள்ளியன்று, அங்கேயே ஒரு சந்துக்குள் இரண்டு அறை அமைந்தது. ஆனிக்குள் பால் காய்ச்சிவிட்டால் சாமானை ஆடியில் கொண்டுவரலாம் என்பது எங்கள் வழக்கம். அம்மா அன்றே காய்ச்சினாள். முதல் டம்ளரை வீட்டுக்கார அம்மா வாங்கிக் குடித்தார்; வெள்ளையடிக்க வேண்டுமென்று சாவியையும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அட்வான்ஸ் குடுத்து எழுதி வாங்கிருவோமாம்மா?”

“பால் காய்ச்சியாச்சு. அதுக்கு மேல என்னலே எழுத்து? சாமான் வாரப்ப குடுத்துக்கிடலாம்.”

படித்த நானும் சரியென்று விட்டுவிட்டேன்.

ஆடி இரண்டாம் நாள் லோடு ஆட்டோவில் போய் இறங்கினால், வாசலில் வேறு யாருடைய செருப்புகளோ கிடந்தன.

“அவிய ஒரு வருச வாடகைய மொத்தமாக் குடுத்துட்டாக,” என்றார் வீட்டுக்கார அம்மா. “நீங்க பால்தான காய்ச்சினீக.”

மம்சாபுரத்துக்குப் போன் போட்டேன். ஆடியில் யாரையும் குடிவைக்க மாட்டோம், ஆவணியில் வாருங்கள் என்று வைத்துவிட்டார்கள்.

“எங்க இறக்கணும்?” என்று டிரைவர் மூன்றாவது முறையாகக் கேட்டார். அம்மா கிரைண்டரைப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்திருந்தாள். நான்தான் ராஜபாளையம் என்றேன்.

திரும்பி வந்தபோது முதல் மூன்று வீடுகளின் மேலே ஓடு இல்லை. கரண்ட்டையும் துண்டித்திருந்தார்கள். ஓடு பிரித்துக்கொண்டிருந்தவரை அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“எங்க வீட்டு ஓட்ட மட்டும் கடைசியாப் பிரிங்கப்பா.”

“நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் விடுதேன்க்கா. அதுக்கு மேல அண்ணாச்சி ஏசுவாரு.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அடுப்ப மட்டும் எறக்கு,” என்றாள்.