பாலிக்குப் பூக் கேட்டோம்

எங்கள் ஊரான நெருப்பெரிச்சலில் பனியன் கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து நானும் கணவரும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை. இந்த வருடம் பாலித் தீவுக்குப் போகலாம் என்று நான்தான் பேச்சை எடுத்தேன். "இந்த ஷிப்மென்ட் போகட்டும்" என்றார், வழக்கம்போல.

மாமியார் குறுக்கே வந்தார். "கடல் தாண்டிப் போற காரியம். கோயில்ல பூக் கேட்டுப்போட்டுத்தான் முடிவு பண்ணோணும் கண்ணு."

கணவருக்கு நிம்மதி, எனக்கு எரிச்சல். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூவும் இன்னொன்றில் வெள்ளையும் வைத்து, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் பயணம் இல்லை. வெள்ளை வந்தால் அது அம்மன் உத்தரவு, மறுபேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை குலதெய்வக் கோயிலில் மாமியார் அரளிப் பூவை இரண்டு இலைப் பொட்டலங்களாகக் கட்டி அம்மன் முன்னால் வைத்தார். இரண்டிலும் வெள்ளையே வைத்துவிடலாமா என்று வரும் வழியில் நான் யோசித்தேன். சாமி காரியமாயிற்றே என்று பயந்து விட்டுவிட்டேன்.

கணவர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"ஏனுங்கம்மா, ஷிப்மென்ட்டு..."

"ஆத்தாளே சொல்லிப்போட்டா. போயி டிக்கெட்டப் போடு சாமி."

அவர் காரை எடுக்கப் போனார். மிச்சமிருந்த பொட்டலத்தை நான் எடுத்துப் பிரித்தேன். அதிலும் வெள்ளை அரளி.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் மாமியார் என் பக்கம் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். மாமியார் அம்மனைப் பார்த்து வேகவேகமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

பூவை இலையோடு மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.