இரண்டு பக்கமும் ராஜா

எனக்குக் காது குத்தும்போது வயது ஏழு. காது குத்திக்கொள்ள அது கொஞ்சம் முற்றிய வயது. ஊசி வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அவ்வளவு தாமதத்துக்குக் காரணம் என் தாய்மாமன். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவர் கிள்ளானில் மளிகைக் கடை வைத்திருந்தார். கிள்ளானிலிருந்து நாங்கள் இருந்த பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ரயில் வராத நாளே கிடையாது என்றாலும், கடையை விட்டுவிட்டு வர அவருக்குத்தான் நாள் கூடவில்லை.

கடைசியில் வந்தார். வந்தவர் சும்மா வரவில்லை. ரயில்வே வரிசை வீடுகளில் குடியிருந்த அத்தனை பேரும் பார்க்கும்படி சீர்த்தட்டை உயரத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டில் எனக்கென்று ஒரு பச்சைப் பட்டுப் பாவாடை இருந்தது. பத்தர் ஊசியை எடுத்ததும் நான் போட்ட கூச்சலுக்கு நடுவே, மாமா அரை வெள்ளிக் காசுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டார். எங்கள் ஊரில் டாலரைத்தான் வெள்ளி என்போம். ஒவ்வொரு காசு விழுகிற சத்தமும் கடைசி வீடு வரைக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம். எனக்குத் தெரிந்து அம்மா அவ்வளவு பூரித்துப்போய் நின்றது அன்றுதான்.

விருந்துக்கு வந்தவர்கள் போனதும் அத்தை தட்டைப் பார்வையிட உட்கார்ந்தாள். அத்தை அப்பாவின் அக்கா. கணவன் இறந்த பிறகு கப்பலேறித் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். இந்த நாட்டில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தம்பி மட்டும்தான். அம்மாவுக்கும் அப்படியே, பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ளக் கிள்ளான் மாமா ஒருவர்தான். இந்த ஒற்றுமையை இருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அத்தை ஒரு காசை மட்டும் தனியே எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஒரு பக்கம் ராஜாவின் தலை சரியாக இருந்தது. திருப்பினால், மதிப்பும் எழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் அதே ராஜா மறுபடியும் இருந்தார். ஆனால் புடைத்து நிற்காமல் உள்ளே குழிந்து, கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்ப்பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்த எழுத்தும் வலமிருந்து இடமாய் ஓடியது.

“கள்ளக்காசு. உங்க அண்ணன் ஊரைக் கூட்டி வச்சுப் போட்டது கள்ளக்காசு” என்றாள் அத்தை.

அதோடு விட்டிருந்தால் வழக்கமான சண்டையாகப் போயிருக்கும். கள்ளக்காசு வைத்த தட்டு நம் வீட்டில் இருக்கக்கூடாது, வைத்தது வைத்தபடி கிள்ளானுக்கே திருப்பி அனுப்பு என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். சீர்த்தட்டைத் திருப்பி அனுப்பினால் உறவு அறுந்தது என்று அர்த்தம். அப்புறம் அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போக முடியாது. அவர்களும் நம் வாசலை மிதிக்க மாட்டார்கள். அம்மா அன்று சோற்றில் கைவைக்கவில்லை. எங்கள் அண்ணன் அப்படிச் செய்கிறவர் இல்லை என்பதை மட்டும் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா, பார்க்கலாம் என்றார். ரயில்வே பட்டறையில் சம்மட்டி பிடிக்கிற மனிதர், வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை.

என் கவலையெல்லாம் பாவாடை. தட்டு போனால் பாவாடையும் போகும். முடிவு தெரியும்வரை தட்டில் இருந்த எதையும் தொடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டது. காது சீழ் வைத்து வலித்ததைவிட அதுதான் பெரிய வேதனையாக இருந்தது. காசு நல்ல காசாக இருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டதைவிட நான் அதிகம் வேண்டிக்கொண்டேன்.

காசு நல்லதா கெட்டதா என்று சொல்ல ஆள் தேடினார்கள். ஆளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பேருக்கும் பொருந்துகிற ஆள்தான் அகப்படவில்லை. எனக்குக் காது குத்திய பத்தர் காசை உரைகல்லில் தேய்த்துப் பார்த்து, வெள்ளிதான், ஆனால் கள்ளக்காசு அடிக்கிறவனும் வெள்ளி கலப்பான், என்னிடம் கொடுத்தால் உருக்கிக் கொலுசுக்குச் சேர்த்துவிடுகிறேன் என்றார். அவர் அத்தைக்கு வேண்டிய ஆள், அவர் பேச்சு எடுபடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பிறகு செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளை காசைக் கல்தரையில் சுண்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டு, நல்ல சத்தம், நல்ல காசு என்றார். உங்கள் அண்ணன் சரக்கெடுக்கப் பணம் புரட்டுவது அந்தக் கடையில்தானே, வேறெப்படிச் சொல்வார் என்று அத்தை கேட்டாள். சீனன் அடகுக்கடையில், காசைப் பார்த்த மாத்திரத்தில் இரண்டு வெள்ளி தருவதாகச் சொன்னார்கள். அரை வெள்ளிக்கு இரண்டு வெள்ளி தருகிறவன் திருடனாகத்தான் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அத்தையும் காசைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். அந்த விவகாரத்தில் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு இடத்தில்தான்.

அப்பாதான் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். ரயில்வே ஆபீசில் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை, பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். பல தேசத்துக் காசுகளைச் சேர்த்து வைப்பது அவருக்குப் பைத்தியம். ஆனால் அவரிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. காட்டி அபிப்பிராயம் கேட்ட காசை அவர் விலைக்கு வாங்கமாட்டார். வாங்க ஆசை வந்துவிட்டால் அபிப்பிராயம் சொல்லமாட்டார், வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிடுவார். அதோடு, எங்கள் இரண்டு பக்கத்துக்கும் அவர் உறவில்லை, பகையில்லை, பழக்கம்கூட இல்லை. அத்தை எவ்வளவோ யோசித்துப் பார்த்தும் அவரிடம் ஒரு குறை அகப்படவில்லை. ஒருவர் போய் வந்து சொன்னதை மற்றவர் நம்பாமல் போகலாம் என்பதால் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள் என்று அப்பா சொல்லிவிட்டு, அவர் மட்டும் வேலைக்குக் கிளம்பிவிட்டார். பாவாடைக்குச் சொந்தக்காரி என்ற முறையில் நானும் போனேன்.

கிராணியார் எங்களை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அம்மாவும் அத்தையும் நின்றுகொண்டே இருந்தார்கள். அவர் முதலில் காசைத் தொடவே இல்லை. மேசைமேல் ஒரு துணியை விரித்து அதன்மேல் வைக்கச் சொல்லி, பூதக்கண்ணாடியோடு குனிந்தார். பிறகு சின்னத் தராசு ஒன்றை எடுத்து, ஒரு தட்டில் அதையும் மறு தட்டில் தன்னிடமிருந்த அரை வெள்ளியையும் போட்டார். முள் நடுவில் நின்றது. அம்மா மூச்சுவிட்டது எனக்குக் கேட்டது.

“பிள்ளை, இது கள்ளக்காசு இல்லை. அச்சடிக்கிற இடத்தில நடந்த பிழை” என்றார்.

எப்படி நடந்திருக்கும் என்பதையும் விளக்கினார். அடித்து முடித்த காசு கீழே விழாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடுமாம். அது தெரியாமல் அடுத்த வெள்ளித்தகட்டை வைத்து அழுத்தினால், ஒட்டிக்கொண்டிருக்கும் காசின் முகமே அதில் குழியாகப் பதிந்துவிடுமாம். இப்படி ஒன்று வெளியே வருவதே அபூர்வம், விஷயம் தெரிந்தவன் நல்ல விலை கொடுப்பான் என்றார். அம்மா நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். நான் மனதுக்குள் பாவாடையை உடுத்தியே விட்டேன்.

கிராணியார் காசைக் கடைசியாக ஒரு தடவை திருப்பி, விளிம்பில் இருந்த ஒரு வெட்டை நகத்தால் தொட்டுப் பார்த்தார்.

“இதை நான் முந்தியே பார்த்திருக்கிறன். கிள்ளானில மளிகைக் கடை வச்சிருக்கிற ஒருத்தர் கொண்டந்து காட்டினவர். ஒருத்தரும் இதை எடுக்கிறாங்கள் இல்லை, கல்லாவில சும்மா கிடக்குது, என்ன செய்யிறது எண்டு கேட்டவர். வச்சிருங்கோ, விலை போகும் எண்டு சொன்னனான். மனுசன் நம்பேல்லைப் போல. கடைசியில உங்கட தலையில கட்டிப்போட்டாராக்கும்.”

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அந்தக் கடைக்காரர் எங்களுக்கு என்ன உறவு என்று அவருக்குத் தெரியாது. அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் வீட்டம்மா கொண்டுவந்த தேத்தண்ணியை அம்மா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, குடிக்காமலேயே கீழே வைத்தாள்.

திரும்பி வரும்போது அத்தை பேசுவாள், பேசுவாள் என்று பார்த்தேன். அத்தை பேசாமல் இரண்டு தெரு கடந்து நான் பார்த்ததில்லை. வழக்கமாக முன்னால் விடுவிடுவென்று நடப்பவள், அன்று அம்மாவுக்குப் பின்னால், அம்மாவின் நடைக்கு நடந்து வந்தாள். அம்மா தலையை நிமிர்த்தவே இல்லை. காசு முந்தானையில் முடிந்திருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவர்கள் இப்படி நடப்பார்களா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாயங்காலம் அப்பா வந்து, கால் கழுவுவதற்கு முன்பே, என்ன ஆச்சு என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தைதான் பதில் சொன்னாள்.

“நல்ல காசுதான் தம்பி. அச்சுல விழுந்த பிழையாம். உலகத்துலயே இதுமாரி கெடைக்காதாம். நாந்தான் தெரியாம என்னென்னமோ பேசிட்டேன்.”

அப்பா நிம்மதியாகக் கால் கழுவப் போனார். அம்மா சமையலறைக்குள் போய் முகத்தைச் சேலையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அத்தை எழுந்து போய், அம்மாவின் முதுகில் கையை வைத்து நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் அவ்வளவு கிட்டத்தில் நின்று நான் பார்த்தது கிடையாது. அத்தை மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டேன்.

நான் பச்சைப் பாவாடையை உடுத்திக்கொண்டு, அத்தை தோற்றுவிட்டாள், அத்தை தோற்றுவிட்டாள் என்று கூடத்தில் குதித்தேன். அம்மா உள்ளேயிருந்து அதட்டினாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை.

“ஆமாடி, தோத்துட்டேன். போதுமா?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கிராணியார் சொன்னதில் பாதியைத்தான் அத்தை அப்பாவிடம் சொல்லியிருந்தாள். கடைக்காரரைப் பற்றிய சிரிப்பான பாதி விட்டுப்போய்விட்டது. அத்தைக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நினைத்து, அவளுக்கு உதவி செய்வதற்காக நான் அப்பாவிடம் ஓடினேன். “அப்பா, அந்தத் தாத்தா இன்னொன்னு சொன்னாரு” என்று ஆரம்பித்தேன்.

அத்தை அவ்வளவு வேகமாக வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சீர்த்தட்டில் பிரிக்காமல் கிடந்த கற்கண்டுப் பொட்டலத்தைக் கிழித்து, அதிலிருந்ததிலேயே பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து, என் வாய் நிறையத் திணித்துவிட்டாள். வலக்கன்னத்துக்கும் இடக்கன்னத்துக்கும் புரட்ட முடியாத அளவுக்குப் பெரிய கட்டி. அது கரைந்து முடிவதற்குள் நான் சொல்ல வந்ததை மறந்துவிட்டேன். அத்தைக்கு என்மேல் இவ்வளவு பிரியமா என்று மட்டும் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.