மடிக்காத விரிப்பு

"திரு. அனிபால் பெர்த்தோலி, நாடகாசிரியர், ஓய்வு பெற்ற நகராட்சி அலுவலர். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சக ஆசிரியர்களின் குறுநாடகங்களில் ஒன்றையும் தவறவிடாமல், இமை கொட்டாமல் பார்த்து, பிறர் காணாததைக் கண்டு சொன்ன கூரிய விழிகளுக்குச் சொந்தக்காரர்."

ரொசாரியோ நகரக் குறுநாடக வட்டம் தன் உறுப்பினருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த பாராட்டுப் பத்திரத்தில் இப்படி இருக்கிறது. ஓய்வு பெற்றது உண்மை. நகராட்சியும் உண்மை. தவறவிடவில்லை என்பதும் ஒரு கணக்கில் உண்மைதான், உடம்பு வந்திருந்தது. விழிகளைப் பற்றித்தான் தகராறு.

இதில் வேடிக்கை, நகராட்சியில் அவர் பார்த்த வேலை பார்ப்பதுதான். லிஃப்ட் ஆய்வாளர். பன்னிரண்டு மாடி என்றால் பன்னிரண்டு மாடியும் ஏறி இறங்கி, கம்பியைத் தடவி, கதவில் விரலை வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. கட்டடக் காவலாளிகள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. "ஐயா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, போட்டுட்டுப் போங்க" என்று யார் கெஞ்சினாலும், "பாக்காம போடறது திருட்டுத்தனம்" என்பார். முப்பத்தோரு வருடத்தில் அவர் கையெழுத்திட்ட லிஃப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை.

வட்டத்தில் பதினோரு பேர். பழைய செருப்புத் தொழிலாளர் சங்கத்தின் மாடியில், மாதத்தின் முதல் ஞாயிறு மாலை, நாலு நாடகம், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். ஒவ்வொரு நாடகம் முடிந்ததும் ஒரு சடங்கு உண்டு. எழுதியவர் மேடையில் உட்கார்ந்து மாத்தே என்கிற இலைத் தேநீர் கலக்க வேண்டும். சுரைக்குடுவையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சும் குழலோடு சக ஆசிரியர்களுக்கு வரிசையாக நீட்ட வேண்டும். வாங்கியவர் குடித்துக்கொண்டே பேசலாம். ஊற்றுகிறவர் வாய் திறக்கக் கூடாது. பேசுகிறவருக்கும் ஒரே ஒரு சட்டம்: பார்த்ததைச் சொல், தோன்றியதைச் சொல்லாதே.

ஆரம்ப காலத்தில் அனிபாலுக்கு இந்தச் சட்டம் ஒரு காயத்தை உண்டாக்கியது. மருந்துக்கடைக்காரர் ஒருவரின் நாடகம் முடிந்து, குடுவை கைக்கு வந்தபோது அவருக்கு வார்த்தையே வரவில்லை. "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிக் குடுவையைத் திருப்பிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் அதற்குப் பிறகு எழுதவில்லை. அதற்கு வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அனிபால் அப்படி நினைக்கவில்லை. இனி வெறுங்கையோடு போவதில்லை என்று முடிவு செய்தார்.

பிரதிகள் வெள்ளிக்கிழமையே எல்லோருக்கும் வந்துவிடும். அனிபால் மூன்று முறை படிப்பார். பொய்யில்லை, நிஜமாகவே உருகிப் படிப்பார். ஞாயிறு விளக்கு அணைந்ததும், கடைசி வரிசையில் கண்ணை மூடி, சொல்லப்போகும் வாக்கியங்களைச் செதுக்க ஆரம்பிப்பார். விளக்கு எரியும்போது பாராட்டு தயார். பாராட்டத் தயாராவதில் இருந்த மும்முரத்தில், பாராட்ட வேண்டிய பொருளைப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவர் பேச்சைக் கேட்கவென்றே சிலர் டிக்கெட் வாங்கினார்கள்.

போன மார்ச் மாதம் மிர்தா கோஸ்லோவின் முறை. மிர்தா பல்செட் செய்பவள், அறுபது வயது, பேச்சில் சுத்தியல். படியேறும்போதே எல்லோரையும் நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம். வெள்ளிக்கிழமை இதை மாகாண விழாவுக்கு அனுப்பணும். முடிவு நிக்குதா, விழுதான்னு எனக்குத் தெரியணும். இன்னைக்குக் கொஞ்சம் ஒழுங்காப் பாருங்க, புண்ணியமாப் போகும்."

"நாங்க என்னைக்கு ஒழுங்காப் பாக்கல?" என்றார் வட்டத்தின் செயலாளர் ரவுல் செபாயோஸ்.

நாடகத்தில் இரண்டே பேர். செத்துப்போன அம்மாவின் வீட்டைப் பிரித்துக்கொள்ள வந்த அண்ணனும், அம்மாவின் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டே பேசும் தங்கையும். பிரதியின் கடைசிப் பக்கத்தில், கோபித்துக்கொண்டு வெளியேறும் அண்ணன் திரும்பி வருகிறான். ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து விரிப்பை மடிக்கிறார்கள். அவ்வளவுதான்.

விளக்கு எரிந்தது. மிர்தா வெந்நீர் ஊற்றினாள். முதல் குடுவை வழக்கம்போல அனிபாலுக்கு.

"நான் நாலு கையைப் பார்த்தேன்" என்று ஆரம்பித்தார். "நாலு கை, ஒரே துணி. இழுத்தா கிழியும், விட்டா தரையில விழும். சண்டையில கொடுக்க முடியாததை அந்த மடிப்புல ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கறாங்க. கடைசி மடிப்புல விரல்கள் தொட்டுதே, அந்த இடத்துல எனக்கு மூச்சு நின்னுபோச்சு."

கைதட்டல். அடுத்தது தியோடோரோ, வட்டத்தின் மூத்தவர். "அனிபால் சொன்னதுதான். அந்த மடிப்பு! அடடா!" மூன்றாவது ரவுல். "விரிப்பு மடிக்கற இடத்துல நான் என் அக்காவை நினைச்சுக்கிட்டேன்."

மிர்தா ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள், மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டே குடித்தார்கள். பிறகு, முறையில்லாமல், அனிபாலுக்கு இரண்டாவது குடுவையை நீட்டினாள். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கேட்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து அவர் விரல்களைப் பற்றி இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னார்.

கீழே தெருமுனையில், அண்ணனாக நடித்த பையத்தி என்கிற நடிகன் சோரிஸோ என்கிற தொத்திறைச்சி வைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"டோன் அனிபால்," என்று மரியாதையாகக் கூப்பிட்டான். "பிரமாதமாப் பேசுனீங்க."

"நீயும் நல்லா மடிச்ச."

"எதை?"

"விரிப்பைத்தான்."

பையத்தி மெல்லுவதை நிறுத்தினான். "நாங்க அதை வெட்டிட்டோமே, டோன். சனிக்கிழமை ஒத்திகையில மிர்தா தூக்கிட்டா. நான் கதவைச் சாத்திட்டு வெளிய போனவன், அப்புறம் வரவே இல்ல. பின்படியில உக்காந்து சிகரெட் பிடிச்சிட்டு இருந்தேன். தங்கச்சி தனியா இஸ்திரி போடறா, விளக்கு அணையுது, முடிஞ்சுது." கொஞ்சம் யோசித்து, ஆறுதலாகச் சேர்த்தான்: "ஆனா நீங்க சொல்லும்போது, நானே மடிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

அனிபாலின் முகத்தில் ஈயாடவில்லை. வீடு எட்டுத் தெரு தள்ளி. பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது ஏறுவார்களோ என்று பயந்து நடந்தே போனார். வழியெல்லாம் அந்த இரண்டாவது குடுவை கண்முன் நின்றது. அவள் இன்னும் பாராட்டு கேட்கவில்லை. பார்த்த ஒரு ஆளைத் தேடியிருக்கிறாள். வாய் திறக்கக் கூடாதென்று சட்டம், அதனால் ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

மனைவி எல்பா வானொலியில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன கெழவா, யாராவது செத்துட்டாங்களா?"

சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அப்போ மாசா மாசம் இருபத்தொன்பதாம் தேதி வழக்கப்படி நான் பண்ற உருளைக்கிழங்கு நியோக்கியைத் தின்னுட்டு 'தேவாமிர்தம்'னு சொல்றியே, அது?"

"அதைத் தின்னுட்டுத்தானே சொல்றேன்."

"போ. போய் அந்தப் பொம்பளைகிட்ட சொல்லு."

"என்னன்னு சொல்றது?"

"லிஃப்ட்டுல ஏறாமலே கையெழுத்துப் போட்டேன்னு சொல்லு."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. ஆனாலும் அவர் போகவில்லை. திங்கள் முழுக்க முதுகுவலி என்று படுத்திருந்தார். செவ்வாய் முதுகுவலி உண்மையாகவே வந்துவிட்டது. புதனன்று ரவுல் தொலைபேசியில் வந்தார்.

"பெரியவரே, ரெண்டு நல்ல செய்தி. அடுத்த கூட்டத்துல உங்களுக்குப் பாராட்டுப் பத்திரம். வாசகம் நானே எழுதிட்டேன், இமை கொட்டாமன்னு ஒரு இடம் வருது பாருங்க, அழுதுடுவீங்க. இன்னொன்னு, மிர்தா முடிவைத் திரும்ப மாத்தறாளாம். மடிப்பைச் சேர்த்து அனுப்பப் போறா. எல்லாம் உங்க புண்ணியம்."

"மாத்தறான்னா?"

"என்னவோ வெட்டி வெச்சிருந்தாளாம். நான் கவனிக்கல. நீங்க கவனிச்சீங்களா?"

அனிபால் தொலைபேசியை வைத்தார். தான் பார்க்காத ஒரு நாடகம், தன் பேச்சால், பார்த்ததைச் சொன்னவர் யாரும் இல்லாத காரணத்தால், மாறப்போகிறது. இனி முதுகைக் காரணம் காட்ட முடியாது.

வியாழன் மதியத் தூக்க நேரத்தில், தெருவில் நாய்கூட இல்லாதபோது, அவள் பட்டறைக் கதவைத் தட்டினார். அலமாரி முழுக்கச் சுண்ணத் தாடைகள், எல்லாம் அவரைப் பார்த்து இளித்தன.

"மிர்தா, நான் உன் நாடகத்தைப் பாக்கல."

"தெரியும்."

"பிரதியைப் படிச்சுட்டு..."

"அதுவும் தெரியும். தியோடோரோ தூங்குனான். வாய் பிளந்திருந்துச்சு. அந்த மேல்வரிசை நான் பண்ணதுதான், மேடை ஓரத்துல திரைக்குப் பின்னாலேருந்தே அடையாளம் தெரிஞ்சுது." அவள் கையிலிருந்த தாடையைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ரவுல் ஓரத்துல போனைப் பாத்துட்டிருந்தான். நீங்க கண்ணை மூடியிருந்தீங்க. உணர்ந்து கேக்கறீங்கன்னு நெனச்சேன், டோன் அனிபால். ஒம்பது வருஷமா அப்படித்தான் நெனச்சிட்டிருக்கேன்."

"தெரிஞ்சுமா திரும்பச் சேர்க்கறே?"

"பேசுனது நீங்க மூணு பேர்தான். அரங்கத்துல நடக்காத ஒண்ணு மூணு பேருக்குப் பிடிச்சிருக்கு. நடந்தது ஒருத்தர் கண்ணுலயும் படல. அப்போ நடந்ததுதானே தப்பு?"

இதற்கு அவரிடம் தயாரித்த வாக்கியம் எதுவும் இல்லை.

"என்னோடதுல எத்தனை பாத்திருக்கீங்க?" என்றாள். "நிஜமா."

கூசியது. ஒன்றிரண்டு என்று சொல்லிவிடலாம்தான், யார் சரிபார்க்கப் போகிறார்கள். "ஒண்ணும் இல்ல" என்றார்.

அவள் தாடையைக் கீழே வைத்தாள். அழவில்லை, கத்தவில்லை. கையைக் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு மூலையில் இருந்த ஸ்டூலைக் காலால் தள்ளினாள்.

"உக்காருங்க. மாத்தே எல்லாம் கிடையாது."

வேலை மேசை இஸ்திரி மேசையானது, கை துடைத்த துணி விரிப்பானது, ஒரு சுண்ணத் தாடை இஸ்திரிப் பெட்டியானது. அண்ணனையும் தங்கையையும் அவளே பேசினாள். அண்ணனுக்குக் குரல் மாற்றவில்லை, தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டாள். இரண்டாவது நிமிடத்திலேயே அனிபாலின் மனதுக்குள் ஒரு அழகான வாக்கியம் தலைதூக்கியது. அதை அடித்து விரட்டினார். திரும்ப வந்தது. ஸ்டூலின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பார்ப்பது இவ்வளவு சிரமமான வேலை என்று முப்பத்தோரு வருட ஆய்வாளருக்கு அப்போதுதான் தெரிந்தது.

முடிந்தது.

"சொல்லுங்க. பாத்ததை மட்டும்."

"அவன் வெளிய போனப்புறம், நீ இஸ்திரி போட்ட இடத்துலயே திரும்பத் திரும்பப் போட்டே. துணியை நகர்த்தவே இல்ல."

அவள் தலையாட்டினாள்.

"கதவுப் பக்கம் ஒரு தடவை திரும்புனே."

"திரும்பல."

"திரும்பலையா?"

"இல்ல. அது உங்க ஆசை. அப்புறம்?"

"இஸ்திரிப் பெட்டியைக் கீழ வெச்சப்புறமும் உன் கை அது மேலயே இருந்துச்சு. எடுக்கல."

அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "அது எனக்கே தெரியாது" என்றாள். பிறகு கதவைத் திறந்துவிட்டாள். போகலாம் என்று அர்த்தம். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை நாடகம் மடிப்பு இல்லாமல்தான் போனது. தேர்வாகவில்லை. ஏப்ரல் கூட்டத்தில் ரவுல் பத்திரத்தை நெகிழ்ந்து வாசித்தார், தியோடோரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அனிபால் வீட்டிலிருந்தே கிளம்பியிருந்தார். மேடை ஏறியதும், "ரொம்ப நன்றி" என்று மட்டும் வந்தது. மூன்றாம் வரிசையிலிருந்து மிர்தாவும் கைதட்டினாள், மற்றவர்களைவிடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் தலை நிமிராமல் இறங்கினார். வீட்டில் எல்பா அதைக் கூடத்தில் மாட்டினாள். அவர் கழற்றச் சொன்னார். "தொங்கட்டும், உனக்கு வேணும்" என்றாள்.

அனிபால் பெர்த்தோலி செய்தது இது: ஒரு வியாழக்கிழமை மதியம், பல்செட் பட்டறையில், ஸ்டூலில் உட்கார்ந்து, சக ஆசிரியர் ஒருவரின் ஒன்பது நிமிட நாடகத்தைப் பார்த்தார். பார்த்ததில் மூன்று விஷயங்களைச் சொன்னார். அதில் ஒன்று தவறு.