முடி வெட்டிக்கொள்ளப் போன திமிங்கலம்

கன்னங்கள் இரண்டையும் பலூன்போல உப்பவைத்து, கண்களை இறுக்க மூடிக்கொண்டு நூலகர் “ஊஊஊம்” என்று ஊளையிட்டதும், நாளிதழ் மேசையில் நான்கு செய்தித்தாள்கள் ஒருசேரக் கீழே இறங்குகின்றன.

“ஏம்மா, இது நூலகமா, மாட்டுக் கொட்டகையா?” என்கிறார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

“மாடு இல்லீங்க, திமிங்கலம். மாடுன்னா இன்னும் கொஞ்சம் மூக்கால கத்தணும்.” பொறுப்பாகத் திருத்திவிட்டு, நூலகர் மறுபடியும் ஊளையிடுகிறார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழந்தைகள் பகுதியில் கதை நேரம். கதை டீச்சர் என்றுதான் பிள்ளைகள் அவரைக் கூப்பிடுகிறார்கள். அவர் உட்காரும் குட்டை நாற்காலி, எழும்போது அவரோடு சேர்ந்தே எழுந்துவிடும். அதைக் கழற்ற இரண்டு பிள்ளைகள் வேண்டும். கதையில் நண்டு வந்தால் பக்கவாட்டில் நடப்பார். போன மாதம் அப்படி நடந்து அலமாரியில் இடித்ததில் மூன்று அகராதிகள் தலையில் விழுந்தன. “கடலுக்கு அடியிலயும் மலை இருக்கு, பாத்தீங்களா!” என்று தலையைத் தடவிக்கொண்டே கதையைத் தொடர்ந்தார்.

எத்தனையோ புத்தகங்கள் இருந்தும் பிள்ளைகள் கேட்பது இந்த ஒன்றைத்தான்: புயலில் அப்பாவை இழந்த குட்டித் திமிங்கலத்தின் கதை. ஆனால் அப்பா இறந்துபோகும் பக்கத்தைச் சென்ற வாரம்வரை ஒருவரும் பார்த்ததில்லை. கிழிந்த புத்தகங்களை ஒட்டும் பசையால் அந்த இரண்டு தாள்களையும் கதை டீச்சரே ஒட்டிவிட்டார். அவருடைய கணவர் போன வருடம் காலமானார். அதற்குப் பிறகும் யாராவது தொலைபேசியில் அவரைக் கேட்டால், “வெளிய போயிருக்காருங்க” என்று சொல்லி வைத்துவிடுவார்.

அதனால் புத்தகத்தில் வரும் அப்பாவுக்கும் வாராவாரம் வெளியே ஏதாவது ஒரு வேலை. ஒரு வாரம் பல் டாக்டரிடம். “எத்தனை பல்லு! எண்ணி முடிக்கவே சாயங்காலம் ஆயிடும்.” இன்னொரு வாரம் முடி வெட்டிக்கொள்ள.

“திமிங்கலத்துக்கு ஏது டீச்சர் முடி?”

“அதைத்தான் ரொம்ப நேரமா தேடிட்டு இருக்காங்க.”

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

சென்ற சனிக்கிழமை, சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு புதிதாக ஒரு சிறுமி வந்திருந்தாள். முடி வெட்டும் இடம் வந்ததும் எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் எழுந்து நின்றாள்.

“எங்கப்பாவும் வெளிய போயிருக்காருன்னு சித்தி சொன்னாங்க. ரெண்டு பேரும் ஒரே கடைக்கா டீச்சர் போயிருக்காங்க?”

கதை டீச்சர் சித்தியைப் பார்த்தார். சித்தி தலை குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, சொல்லுங்கள் என்பதுபோல மெல்லத் தலையசைத்தாள்.

அவர் எழுந்தார். நாற்காலியும் எழுந்தது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கோலத்திலேயே மேசைக்குப் போய் இரும்பு அளவுகோலை எடுத்துவந்து, ஒட்டிய தாள்களுக்கு நடுவே நுழைத்துப் பிரித்தார். படத்திலிருந்த திமிங்கலத்தின் வாலில் ஒரு துண்டு கிழிந்து மறுபக்கத்தோடு போய்விட்டது.

“அப்பா திமிங்கலம் புயல்ல செத்துப்போச்சு. இனிமே வராது.”

“அப்போ முடி?” என்றான் ஒருவன்.

“முடியெல்லாம் வெட்டலடா. நான்தான் பொய் சொன்னேன்.”

“பல் டாக்டர்?”

“அதுவும் பொய்.”

“டீச்சர் பொய் சொன்னாங்க! டீச்சர் பொய் சொன்னாங்க!” நூலகமே அதிர்ந்தது. தபால்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து, பிள்ளைகளின் பின்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

சிறுமி சத்தம் போடவில்லை. “வரவே வராதா?” என்று மட்டும் கேட்டாள்.

“வராதும்மா. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். வரமாட்டாரு.” அந்த வார்த்தையை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கதையில் அடுத்து, தனியாக நிற்கும் குட்டித் திமிங்கலம் கடலின் தொலைவைப் பார்த்துக் கூப்பிட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தாண்டினால்தான் எங்கோ தூரத்தில் வேறு திமிங்கலங்கள் பதில் கொடுக்கும். கதை டீச்சர் கன்னங்களை உப்பவைத்தார். சைக்கிள் பம்பில் காற்றுப் போவதுபோல ஒரு கீச்சுச் சத்தம்தான் வந்தது. மறுபடியும் முயன்றார். அந்தக் கீச்சுகூட வரவில்லை. கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து தொங்கியது.

சிறுமி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவர் முழங்காலில் ஒரு கையை ஊன்றி எம்பி, ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, பக்கத்தைப் புரட்டினாள்.