பைப்பில் அடைத்த துணி

என் பேரன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் வேலை பார்க்கிறான். போன வருஷம் யாரோ ஓட்டிச் சலித்த சின்ன ஜீப்பு ஒன்றை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியாம். லீவு நாளெல்லாம் அதன் அடியில்தான் படுத்துக் கிடக்கிறான். வண்டியைத் தூக்கி உயரமாக்கினான். பல் பல்லாக இருக்கும் பெரிய டயர் மாட்டினான். கண்ணாடி ஓரமாகக் கறுப்பாய் ஒரு பைப்பை நட்டமாக ஏற்றினான். சேற்றிலும் தண்ணீரிலும் இறக்கி ஓட்டுவதற்காம். இவ்வளவு நல்ல ரோடு போட்டு வைத்திருக்கிறார்களே, அதில் ஓட்டினால் ஆகாதா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன்.

"இந்தப் பைப்புல மழத்தண்ணி பூந்துடாதா?"

"அது காத்து இழுக்குற பைப்பு ஆயா. வாயி முன்னால பாத்துகினு கீது பாரு. நீ இன்னா அத்தயே மொறச்சினு நிக்கிற?"

நான் முறைக்கவில்லை. பயந்துகொண்டு நின்றேன். அப்படி ஒரு பைப்பை நான் ஏழு வயதில் பார்த்திருக்கிறேன்.

அது என் மாமாவின் ஜீப்பு. அம்மாவுக்குத் தம்பி அவர். தாம்பரத்தில் லாரி ஒர்க் ஷாப்பில் வேலை. எங்கள் ஊர் மணிமங்கலத்துக்கு இந்தப் பக்கம், ஏரிக்கு அடுத்தாற்போல் இருந்தது. ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஏரியின் கலங்கல் கால்வாய். மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிந்தால் ஊர் தனியாகிவிடும். இன்றைக்கு அதன்மேல் பாலம் போட்டு, கன்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போகின்றன. அன்றைக்கு மாட்டு வண்டிதான், அதுவும் தண்ணீர் வழி விட்டால்தான்.

மாமா மிலிட்டரி ஏலத்தில் ஒரு பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கயிறு கட்டி இரண்டு மாடு இழுத்துத்தான் அது ஊருக்குள் வந்தது. "மாடு இழுக்குறதுக்கு இன்னாத்துக்குடா மோட்டாரு?" என்று ஊரே சிரித்தது. மாமா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஒன்றை அதில் மாற்றிக்கொண்டிருந்தார். லாரியின் வில்லுப்பட்டையை வெட்டிச் சேர்த்து வண்டியை ஒரு முழம் உயர்த்தினார். பிளக்குக்குக் கரண்டு பிரித்து அனுப்பும் மூடியைச் சுற்றி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினார். பின்னால் தரையோடு இருந்த புகைக்குழாயை அறுத்துவிட்டு, கிணற்று மோட்டாரின் இரும்புப் பைப்பை வாங்கி, கண்ணாடி ஓரமாக ஆள் உயரத்துக்கு நிமிர்த்திக் கட்டினார்.

"இதுக்குள்ள மட்டும் ஒரு சொட்டுத் தண்ணி பூரக் கூடாது மருமவளே. பூந்திச்சின்னா எல்லாம் போச்சு," என்று என்னிடம் சொன்னார். என்னிடம் சொன்னால் நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காத பெண்.

இதெல்லாம் எதற்கு என்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய மழைக்காலத்தில் மாமியை மாட்டு வண்டியில் பிரசவத்துக்குக் கொண்டுபோனார்கள். கால்வாய்க் கரையிலேயே ஒரு பகல் முழுக்க வண்டி நின்றதாகப் பேசிக்கொண்டார்கள். நான்கு நாள் கழித்து மாமி கையை வீசிக்கொண்டு திரும்பி வந்தார். பாப்பா எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரியிலயே கீது," என்றார் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. அதை எடுத்துவரத்தான் மாமா வண்டி கட்டுகிறார். வேறு எதற்கு?

மறு வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மாமிக்கு மறுபடியும் வயிறு பெரிதாகியிருந்தது. ஒருநாள் காலையில் அவருக்கு வலி வந்தது. அன்றைக்கே கலங்கலும் வழிந்தது.

மாமா ஜீப்பின் பின்னால் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் கட்டினார். மாமியைப் படுக்க வைத்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். மாமா என்னையும் தூக்கி முன்சீட்டில் வைத்தார். "இவ எதுக்குடா?" என்றார் அம்மா. "கொட புடிக்க ஆள் வோணும்க்கா." தண்ணீரில் இறங்கும் முன் எஞ்சினை நிறுத்தி, பேன் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் பேன் சுற்றித் தண்ணீரை வாரி எஞ்சின் மேல் ஊற்றிவிடும். கழற்றும்போது எஞ்சின் நனையாமல் ஒருவர் குடை பிடிக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

கரையில் ஜீப்பை நிறுத்தினார். எதிரே கால்வாய் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரை வேலி தெரிந்தது, ஆனால் பாதிதான் தெரிந்தது. நான் இரண்டு கையாலும் குடை பிடித்தேன். மாமா பெல்ட்டைக் கழற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, தண்ணீர் ஆழம் பார்க்கக் கம்போடு இறங்கிப் போனார். நான் சீட்டில் ஏறிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பைப்பைப் பார்த்தேன். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்தது. மழை நேராக அதற்குள் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு இல்லை, எத்தனையோ சொட்டு.

எங்கள் வீட்டில் வாய் திறந்த எதையும் அப்படியே விடமாட்டார்கள். மண்ணெண்ணெய் பாட்டில் என்றால் துணியை முறுக்கி அடைப்பார் அம்மா. மாமா கை துடைத்துப் போட்டிருந்த துணி சீட்டில் கிடந்தது. முறுக்கி, சீட்டின் மேல் ஏறி நின்று, பைப்பில் திணித்தேன். ஸ்குரு டிரைவரின் கட்டையால் குத்திக் குத்தி உள்ளே இறக்கினேன். மனசு நிம்மதியானது.

மாமா வந்து முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினார். எஞ்சின் ஒருமுறை இருமியது, அணைந்தது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமல். பின்னால் மாமி பல்லைக் கடித்துக்கொண்டு முனகும் சத்தம் கேட்டது. மாமா மூடியைத் திறந்து பார்த்தார், மெழுகைத் தடவிப் பார்த்தார், பிளக்கைக் கழற்றினார். தண்ணீர் முன்சக்கரத்தைத் தொட்டது.

"டேய், எல்லையம்மா மேல பாரத்தப் போட்டுட்டு மாட்டு வண்டி கட்டச் சொல்லுடா," என்று அம்மா அழுதார்.

"போன வருசம் கட்னது பத்தாதா?" மாமா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. அடுத்த நிமிஷம், "பிளக்கு நனஞ்சிருக்கு. தொடைக்கிற துணி எங்க? இங்கதான வச்சேன்!" என்று சீட்டின் கீழே தேடினார்.

துணியை எடுத்தது நான். சொன்னால் அடிப்பார். சொல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருப்பார். துணிக்கும் எஞ்சின் இருமலுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. துணியை எடுத்த பயம் மட்டும்தான். மாமா வேட்டி முனையால் பிளக்கைத் துடைத்தார். சுற்றினார். இருமல். சுற்றினார். அவர் உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது.

நான் பின்னால் திரும்பி, மாமியின் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னேன்: "துணி பைப்புல கீது மாமி. மழ பூரக் கூடாதுன்னு."

மாமி வலியில் கண்ணை மூடியிருந்தார். திறந்தார். பிறகு கால்வாய்க்கு அந்தப் பக்கம் கேட்கும்படி கத்தினார்: "யோவ்! அந்தப் பொக பைப்ப அடச்சி வச்சிகீதுயா உன் மருமவ! உருவித் தொலயா!"

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. ஏறி, பைப்புக்குள் ஒரு கம்பியை வளைத்து விட்டுத் துணியை இழுத்தார். அது கறுப்பாக வந்தது. அடுத்த சுற்றில் எஞ்சின் கத்தியது. பைப்பிலிருந்து புகை மழைக்குள் நேராக ஏறியது. தண்ணீர் எங்கள் கால் வரை வந்தது, வைக்கோல் மிதந்தது, ஒரு இடத்தில் வண்டி பக்கவாட்டில் நழுவியது. நான் குடையை விரித்தபடியே கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோது ரோட்டில் இருந்தோம்.

மத்தியானம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. என்னை யாரும் அடிக்கவில்லை.

நாலாம் நாள் மாமியை அழைத்துவரப் போனபோது, பைப்பின் வாயில் பால் டப்பா மூடி ஒன்று கீல் வைத்து மாட்டியிருந்தது. புகை வந்தால் தானே திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும். "இனிமே உன் துணி வாணாம்," என்றார் மாமா.

திரும்பும் வழியில் கால்வாயில் தண்ணீர் முட்டி அளவுதான் இருந்தது. மாமா கரையில் ஜீப்பை நிறுத்தினார். மாமி மடியில் குழந்தை. அக்கம்பக்கம் பார்த்தேன், வைக்கோலுக்குள்ளும் பார்த்தேன். அந்த நான்கு நாளில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருந்தது. சத்தமாகவே கேட்டேன்.

"போன வருசத்துப் பாப்பாவ எப்ப கூட்டினு வருவோம் மாமா?"

மாமி குழந்தையின் முகத்தைத் துணியால் மூடினார். மாமா இறங்கிப் போய் முன்மூடியைத் தூக்கி, பேன் பெல்ட்டைக் கழற்றினார். அந்தத் தண்ணீருக்குக் கழற்றவே தேவையில்லை. கழற்றியதை மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

மழை இல்லை. ஆனாலும் நான் இறங்கிப் போய் அவருக்குக் குடை பிடித்தேன். அது என் வேலை.